ஹாலோவீன் நள்ளிரவில் ஒரு வெள்ளைக் குதிரை: ராக் பாட்டுக்குள் ஃபேரிகள் வந்த வழி

1969 டிசம்பரில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கிலேயக் குழு 'லீஜ் அண்ட் லீஃப்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அதில் ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு ஒன்று உண்டு. பெயர் 'டாம் லின்'. சாண்டி டென்னி பாடுகிறார். கூடவே எலெக்ட்ரிக் கித்தார், வயலின், பேஸ், டிரம்ஸ். கார்ட்டர்ஹா பக்கம் பெண்கள் யாரும் போகக் கூடாது என்ற எச்சரிக்கையோடு பாட்டு தொடங்குகிறது. ஜேனட் போகிறாள். ரோஜாவைப் பறித்ததும் டாம் லின் எதிரே வந்து நிற்கிறான். கொஞ்ச நாளில் அவள் வயிற்றில் பிள்ளை. மறுபடியும் போய், நீ மனிதப் பிறவிதானா என்று விசாரிக்கிறாள். மனிதன்தான். குதிரையிலிருந்து விழுந்தபோது ஃபேரிகள் என்ற மாய இனத்தாரின் ராணி பிடித்துக்கொண்டு போய்விட்டாளாம். ஏழு வருடத்துக்கு ஒரு தடவை ஃபேரிகள் நரகத்துக்கு வரி கட்ட வேண்டும். இந்தத் தடவை வரியாகப் போகப்போவது தானோ என்று அவனுக்குப் பயம்.

தப்பிக்க அவன் சொல்லும் வழியில் குழப்பமே இல்லை. இன்றைக்கு ஹாலோவீன். மைல்ஸ் கிராஸில் காத்திரு. நள்ளிரவில் ஊர்வலம் வரும். கறுப்புக் குதிரையைப் போக விடு, பழுப்புக் குதிரையையும் போக விடு. வெள்ளைக் குதிரை வந்ததும் ஓடிப்போய் அதில் இருப்பவனைக் கீழே இழு. உன் கைக்குள்ளேயே பாம்பாவேன், சிங்கமாவேன். பிடியை மட்டும் விட்டுவிடாதே.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பக்கத்துக் கெல்டிக் பருவ விழாக்களையும் ஃபேரி நம்பிக்கைகளையும் வைத்து ராக் பாட்டு எழுதியவர்கள் ஏராளம். அவற்றில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பார்த்தால் ஒன்று புரியும். பழைய கதைகளில் தேதி, இடம், நிபந்தனை என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இல்லாமல் இருக்காது. இன்ன இரவு, இன்ன மேடு, இன்னதைச் செய்யாதே. இதைக் காப்பாற்றிய பாட்டு ஐம்பது வருடம் கழித்தும் கேட்பவரைப் பிடித்து உலுக்குகிறது. இதை உதறிவிட்டு மூடுபனி, நிலா, மறக்கப்பட்ட தெய்வங்கள் என்று பெயர்களை மட்டும் அடுக்கிய பாட்டு, எவ்வளவு சத்தமாக வாசித்தாலும், ஊதுவத்தி விளம்பரம் மாதிரி ஆகிவிடுகிறது.

முதலில் தேதி எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். அயர்லாந்தின் பழைய நாட்காட்டியில் நான்கு திருப்பங்கள்: நவம்பர் 1 சௌவின், பிப்ரவரி 1 இம்போல்க், மே 1 பெல்டேன், ஆகஸ்ட் 1 லூனசா. சௌவினுக்கு முந்தின இரவுதான் ஹாலோவீன். சூரியன் உச்சத்துக்குப் போகும் நாளோ, பகலும் இரவும் சமமாகும் நாளோ அல்ல இவை. மாடு வைத்திருப்பவனின் நாட்காட்டி இது. மே மாதம் மாடுகளை மேட்டு மேய்ச்சலுக்கு ஓட்டிப் போக வேண்டும். நவம்பரில் கீழே இறக்கிக் கொண்டுவர வேண்டும், குளிர்காலத்துக்குத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியாததை வெட்டிவிட வேண்டும். பெல்டேன் அன்று இரண்டு நெருப்பு மூட்டி அவற்றுக்கு நடுவே மாடுகளை ஓட்டினார்கள், நோய் அண்டாது என்று. கி.பி. 900 வாக்கில் தொகுக்கப்பட்ட கோர்மாக்கின் சொல்லகராதியிலேயே இந்தக் குறிப்பு இருக்கிறது.

பிற்காலத்தில் அயர்லாந்தின் குத்தகைக் கெடுவும் அதே நாட்களில்தான் விழுந்தது: மே 1, நவம்பர் 1. பணம் கட்ட வேண்டும். கட்டாதவன் வீட்டைக் காலிசெய்ய நேரலாம். ஃபேரிகளுக்கும் அதே தலைவலி என்று மக்கள் நம்பினார்கள் என்பதுதான் இதில் சுவையான விஷயம். ஸ்காட்லாந்தில் அபர்ஃபாயில் ஊரின் பாதிரியாராக இருந்த ராபர்ட் கிர்க், 1690களின் தொடக்கத்தில் எழுதிய குறிப்பில், ஒவ்வொரு காலாண்டின் தொடக்கத்திலும் ஃபேரிகள் வீடு மாறுகிறார்கள் என்கிறார். மற்றவர் கண்ணுக்குத் தெரியாததைக் காணும் 'இரண்டாம் பார்வை' உள்ளவர்களுக்கு அந்த நாட்களில் வெளியே கிளம்பவே பயமாம், வழியில் அவர்கள் மூட்டை முடிச்சோடு எதிரே வந்துவிடுவார்கள் என்று. டாம் லின் பயந்த அந்த ஏழு வருட வரியை இந்தப் பின்னணியில் வைத்துக் கேளுங்கள். கெடு நாளின் கலக்கம் என்ன என்று நன்றாகத் தெரிந்தவர்கள் கட்டிய பாட்டு அது.

கிர்க் 1692இல் ஊர்ப் பக்கத்துக் குன்றில் உலாவப் போனபோது இறந்துபோனார். ஊர் நம்பவில்லை. ஃபேரிகள் கொண்டுபோய்விட்டார்கள் என்றது. அவர் உறவினர் ஒருவருக்குத் தோன்றி, என் குழந்தையின் ஞானஸ்நானத்தன்று நான் வருவேன், என் தலைக்கு மேலாகக் கத்தியை வீசினால் விடுபடுவேன் என்று சொன்னாராம். வந்தார். உறவினர் திகைத்துப்போய் வீச மறந்துவிட்டார். அவ்வளவுதான். பாட்டில் ஜேனட் விடாமல் பிடித்துக்கொண்டாள். நிஜ ஊர்க்கதையில் பிடி நழுவிவிட்டது.

இந்த ஃபேரிகளுக்குச் சிறகு கிடையாது. அயர்லாந்தின் பழங்கதைப்படி துவாஹா டே டானன் என்ற தெய்வக் கூட்டம் பின்னால் வந்த மனிதர்களிடம் தோற்று, மண்மேடுகளுக்கு அடியில் குடியேறியது. மேட்டு மக்கள் என்று அவர்களுக்குப் பெயர். நேராகப் பெயர் சொல்லக் கூடாது, 'நல்லவர்கள்' என்று மட்டும்தான் குறிப்பிட வேண்டும். நம் உயரம், நம்மைப் போலவே மாடும் குதிரையும் சண்டையும் உள்ளவர்கள். பூவுக்குப் பூ தாவும் குட்டித் தேவதைகளெல்லாம் இங்கிலாந்தின் மேடையிலும், குறிப்பாக விக்டோரியா காலத்து ஓவியர்களின் தூரிகையிலும் வளர்ந்தவை. குவீன் குழு 1974இல் வெளியிட்ட இரண்டாவது இசைத்தட்டில் ஃபிரெடி மெர்க்குரி எழுதிய ஃபேரிப் பாட்டு ஒன்று இருக்கிறது. அது ரிச்சர்ட் டாட் மனநல விடுதியில் இருந்தபடி வரைந்த ஓவியத்தைப் பார்த்து எழுதியது. துள்ளலான பாட்டுத்தான். ஆனால் அதில் யாரும் யாரையும் கொண்டுபோவதில்லை.

கொண்டுபோவார்கள் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1895 மார்ச் மாதம் சாட்சி. டிப்பரரி மாவட்டத்தில் பாலிவாட்லி என்ற சிற்றூர். பிரிட்ஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. படுக்கையில் இருப்பது என் மனைவி இல்லை, அவளை எடுத்துக்கொண்டு ஃபேரிகள் விட்டுப்போன மாற்று உருவம் என்று கணவன் மைக்கேல் கிளியரி சொல்லி, கடைசியில் அவளை எரித்தே கொன்றுவிட்டான். அப்புறம் அவன் செய்த காரியம்தான் நம் விஷயத்தைத் தொடுகிறது. பக்கத்தில் இருந்த கைலனக்ரானா ஃபேரிக் கோட்டைக்குப் போய் இரவு இரவாகக் காத்திருந்தான். மனைவி வெள்ளைக் குதிரையில் வெளியே வருவாள், கயிற்றை அறுத்து அவளை மீட்டுவிடலாம் என்று. டாம் லின் பாட்டின் அதே காட்சி. கொலையல்லாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு அவனுக்கு 20 வருடம் தண்டனை கிடைத்தது. திரைப்படக் காட்சிகள் தொடங்கவிருந்த காலம் அது. பாட்டை அழகுக்காக மட்டும் கேட்கும் வசதி நமக்குக் கிடைத்தது அண்மையில்தான்.

சரி, இது எலெக்ட்ரிக் கித்தாருக்குள் எப்படி வந்தது? ஃபேர்போர்ட் குழுவுக்கு அது துக்கத்தின் வழியாக வந்தது. 1969 மே மாதம் எம்1 நெடுஞ்சாலையில் அவர்களுடைய வண்டி விபத்துக்குள்ளாகி, டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிளும் உடன் வந்த ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார்கள். பழைய பாட்டுகளை மேடையில் மறுபடி வாசிக்க மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. ஹாம்ஷயரில் ஃபார்லி சேம்பர்லைன் என்ற இடத்தில் ஒரு வீட்டில் கூடித் தங்கிப் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். பேஸ் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனின் செசில் ஷார்ப் மாளிகையில் இருந்த நாட்டுப்பாடல் தொகுப்புகளைத் துருவிக்கொண்டிருந்தார். 'டாம் லின்' அப்படி வந்ததுதான். 1549இல் அச்சான ஸ்காட்லாந்து நூல் ஒன்றிலேயே அதன் பெயர் வருகிறது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் ஒரு வடிவம் கொடுத்திருக்கிறார். ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் தொகுத்த 305 கதைப்பாடல்களில் அது 39ஆவது.

கதைப்பாடலின் அளவும் தோதாக அமைந்தது. நான்கு தட்டு, மூன்று தட்டு, நான்கு, மூன்று என்று வரிகள் போகும். மூன்று தட்டு வரியின் முடிவில் மூச்சு விட ஓர் இடம் கிடைக்கும். அந்த இடத்தில் முன்பு பாடகர் மூச்சு வாங்கினார். இப்போது கித்தார் நுழைகிறது. கோரஸ் கிடையாது, திரும்பி வரும் பல்லவி கிடையாது. கதை முன்னால் போய்க்கொண்டே இருக்கும். 1969இல் ராக் குழுக்கள் நீண்ட பாட்டுக்கு ஏங்கிக்கொண்டிருந்தன; நிரப்ப அவர்களிடம் இருந்தது பெரும்பாலும் கித்தார் தனி ஆவர்த்தனம் மட்டுமே. கதைப்பாடல் அந்த நீளத்துக்கு ஒரு நியாயம் கொடுத்தது.

இன்னொன்றையும் உற்றுக் கேட்கலாம். பர்ன்ஸ் வடிவத்தில், தோற்றுப்போன ராணி கடைசியில் சொல்வது இது: இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் உன் சாம்பல் நிறக் கண் இரண்டையும் பிடுங்கிவிட்டு மரக்கண் வைத்திருப்பேன். ஃபேர்போர்ட் வடிவத்தில் அது, கண்ணுக்குக் கண் பார்த்து மரமாக ஆக்கியிருப்பேன் என்று மென்மையாகிவிட்டது. என் கட்சி பர்ன்ஸ் கட்சி. கண்ணைப் பிடுங்குவது வெறும் கொடுமை இல்லை. ஃபேரிகளைப் பார்த்துவிட்ட கண்ணைக் குருடாக்குவது அந்தக் கதைகளில் வழக்கமான தண்டனை. மரமாக்குவது எந்த மந்திரக் கதையிலும் வரும்.

ஹட்சிங்ஸ் பிறகு தொடங்கிய ஸ்டீலை ஸ்பான், அவர் விலகிய பின் 1974இல் 'தாமஸ் த ரைமர்' பாடியது. அங்கும் நிபந்தனை உண்டு: ஏழு வருடம் ஃபேரி நாட்டில் இருக்கலாம், வாயைத் திறந்து ஒரு சொல் பேசினால் ஊர் திரும்ப முடியாது. அந்த இசைத்தட்டுக்கு ஆலோசகராக இருந்தவர் ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன். மூன்று வருடம் கழித்து, 1977 பிப்ரவரியில், அவரே 'சாங்ஸ் ஃப்ரம் த உட்' கொண்டுவந்தார்.

ஆண்டர்சனுக்கு இந்த விஷயம் கிடைத்தது சுவடியிலிருந்தோ கிழவிகளிடமிருந்தோ அல்ல. ரீடர்ஸ் டைஜஸ்ட் 1973இல் போட்ட பிரிட்டன் நாட்டார் கதைத் தொகுப்பு ஒன்றை ஜோ லஸ்டிக் என்ற இசைத்தொழில்காரர் அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். தடிமனான, படங்கள் நிறைந்த, வரவேற்பறை மேசையில் கிடக்கும் வகைப் புத்தகம். சிரிக்க ஒன்றுமில்லை. ராக் எழுத்தாளர்களில் பாதிப் பேர் இப்படித்தான் கெல்டிக் உலகத்துக்குள் நுழைந்தார்கள். லெட் செப்பலினின் ராபர்ட் பிளான்ட் லூயிஸ் ஸ்பென்ஸின் கெல்டிக் மாந்திரீகப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். 1971இல் வந்த அவர்களுடைய மிகப் பிரபலமான பாட்டில் மே ராணி ஒரு வரியில் தலைகாட்டிவிட்டுப் போகிறாள். அதற்கு மேல் அங்கே பெல்டேன் ஒன்றும் இல்லை. அதில் பெல்டேனைத் தேடிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் எழுதட்டும்.

ஆண்டர்சன் கெட்டிக்காரர். அந்த இசைத்தட்டில் 'ஜாக் இன் த கிரீன்' என்ற சின்னப் பாட்டு இருக்கிறது, எல்லா வாத்தியமும் அவரே வாசித்தது. இலை மூடிய கூண்டுக்குள் ஒருவர் புகுந்துகொண்டு ஆடும் மே நாள் கூத்து அது. கெல்டிக் கூட அல்ல. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் புகைபோக்கி சுத்தம் செய்பவர்கள் காசு வாங்கக் கட்டிய வேடம். ஆண்டர்சன் அவனுக்கு ஒரு வேலை கொடுக்கிறார்: குளிர்காலம் முழுக்கப் பச்சையைக் காப்பாற்ற வேண்டும். அப்புறம் நெடுஞ்சாலையும் மின்கம்பியும் நம்மைப் பிரித்துவிடுமா என்று கேட்கிறார்.

பாட்டு வந்து 22 வருடத்தில் அயர்லாந்தில் அந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்தது. கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்ற இடத்தில் புதுச் சாலைக்கு நடுவே ஒரு வெள்முள் மரம் நின்றது. மன்ஸ்டர் ஃபேரிகள் கானாக்ட் ஃபேரிகளோடு சண்டைக்குப் போகுமுன் கூடும் இடம் அது, வெட்டினால் சாலையில் சாவு விழும் என்று கதைசொல்லி எடி லெனிஹன் 1999இல் பத்திரிகைக்கு எழுதினார். உலகச் செய்தியாகிவிட்டது. பொறியாளர்கள் மரத்தை விட்டுவைத்துச் சாலை போட்டார்கள். 2002இல் யாரோ இரவோடு இரவாகக் கிளைகளை வெட்டிவிட்டுப் போனார்கள், மறுபடி துளிர்த்துவிட்டது.

ஸ்டீவி நிக்ஸின் 'ரியானன்' இதில் விசித்திரமான கேஸ். 1975 ஃப்ளீட்வுட் மேக் இசைத்தட்டில் வந்தது. பெயரை அவர் எடுத்தது ஒரு நாவலிலிருந்து. வேல்ஸ் நாட்டு மாபினோகி கதைகளில் அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டார். மேடையில் வெல்ஷ் சூனியக்காரி என்று அறிமுகப்படுத்துவார். மூலக்கதையில் அவள் சூனியக்காரி இல்லை. அர்பெர்த் மேட்டில் உட்காருபவனுக்கு ஒன்று அடி விழும், இல்லாவிட்டால் ஓர் அதிசயம் தெரியும். பூயில் என்ற சிற்றரசன் உட்காருகிறான். பொன் பட்டு உடுத்த பெண்ணொருத்தி வெள்ளைக் குதிரையில் மெதுவாகப் போகிறாள். வேகமான குதிரையில் துரத்துகிறார்கள். எவ்வளவு விரட்டினாலும் இடைவெளி குறையவில்லை, அவளோ அதே மெதுநடை. மூன்றாம் நாள் பூயில் வாய்விட்டு, கொஞ்சம் நில் என்கிறான். நிற்கிறாள். இதை முன்னாலேயே கேட்டிருந்தால் குதிரைக்காவது நன்றாக இருந்திருக்கும் என்கிறாள். அந்த மிடுக்கு பாட்டில் இல்லை. ஆனால் பிடிக்கு அகப்படாத பெண் என்ற ஒரே கருவைச் சுற்றிப் பாட்டு சுழல்கிறது. மூலம் தெரியாமலே அம்பு குறியில் தைத்துவிட்டது.

அயர்லாந்துக்காரர்கள் இதே விஷயத்தைக் கையில் எடுத்தபோது சுருதியே வேறு. டப்ளினின் ஹார்ஸ்லிப்ஸ் குழு 1973இல் 'த டாய்ன்' கொண்டுவந்தது: பழங்காவியத்து மாடு கவர்தல் போரை ஹார்ட் ராக்காக. அதில் 'டியரக் டூம்' பாட்டைத் தூக்கி நிறுத்தும் கித்தார் அடி, ஓநீல்ஸ் மார்ச் என்ற பழைய நடைமெட்டு. 1990 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு அயர்லாந்து அணிக்காகப் போட்ட பாட்டில் அதே அடி திரும்பவும் வந்தது. 1976இல் வந்த 'த புக் ஆஃப் இன்வேஷன்ஸ்' துவாஹா டே டானன் கதை. அந்தத் தெய்வங்களின் இசைக்கலைஞன் மூன்று விதமாக வாசிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்: சிரிக்க வைப்பது, அழ வைப்பது, தூங்க வைப்பது. இசைத்தட்டின் பாட்டுகளை இந்த மூன்று தலைப்பில்தான் பிரித்திருக்கிறார்கள். பெயர்களைக் கடன் வாங்காமல் அமைப்பையே கடன் வாங்கியது என்று இதைச் சொல்லலாம்.

தூங்க வைக்கும் இசை சாதாரணமானதல்ல. ஒவ்வொரு சௌவின் இரவும் ஆலன் என்பவன் ஃபேரி மேட்டிலிருந்து அரசர்களின் தலைநகரான தாராவுக்கு வருவான். அவன் வாத்தியத்தைத் தொட்டதும் காவல்காரர்கள் உட்பட எல்லாரும் தூங்கிவிடுவார்கள். வாயிலிருந்து நெருப்பைக் கக்கி அரண்மனையை எரித்துவிட்டுப் போவான். இளைஞன் ஃபின் வேல்முனையை நெற்றியில் அழுத்திக்கொண்டு விழித்திருந்து அவனைக் கொன்றான். ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சி, மயங்கிக் கிடக்கும் கூட்டம், மேடையில் தீ. இதைவிடப் பழைய ராக் கச்சேரி வர்ணனை எனக்குத் தெரியாது.

வாட்டர்பாய்ஸ் 1988இல் 'ஃபிஷர்மன்ஸ் ப்ளூஸ்' இசைத்தட்டில் யேட்ஸின் 'த ஸ்டோலன் சைல்ட்' கவிதைக்கு மெட்டுப் போட்டது. யேட்ஸ் அதை வெளியிட்டபோது 21 வயது. ஃபேரிகள் குழந்தையை வா வா என்று கூப்பிடும் பாட்டு. ஸ்லூத் வுட், கிளென்கார் என்று ஸ்லைகோவின் நிஜ இடங்கள் வரிசையாக வருகின்றன. மூன்று பத்திகள் நம்மையும் சேர்த்து மயக்குகின்றன. நான்காவதில் குழந்தை கிளம்பிவிடுகிறது, அப்போதுதான் அது இனிமேல் கேட்கப்போகாதவற்றை எண்ணுகிறார்: மலைச்சரிவில் கன்றுகள் கத்துவது, அடுப்பில் கெட்டில் முனகுவது, ஓட்ஸ் மாவுப் பெட்டியைச் சுற்றிச் சுண்டெலி ஓடுவது. கூப்பிட்டவர்கள் பொய் சொன்னார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கெட்டில் சொல்லிவிட்டது. வாட்டர்பாய்ஸ் தலைவர் மைக் ஸ்காட் செய்த நல்ல காரியம், அந்தப் பத்திகளைத் தான் பாடாமல் கானமாராவின் பாரம்பரியப் பாடகர் தோமாஸ் மக்கியோனைப் பேச வைத்தது.

மெட்டல் குழுக்கள் பெரும்பாலும் சௌவினோடு நின்றுவிட்டன. காரணம் லேசானது: அந்த நாளை மரண தெய்வத்தின் பண்டிகை என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு தெய்வமே கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் வாலன்சி என்ற ராணுவப் பொறியாளர் கிளப்பிவிட்ட கதை அது. டப்ளினின் குருவாகன் குழு மட்டும் பெயரிலேயே ஓர் இடத்தை வைத்துக்கொண்டது: ராஸ்காமன் மாவட்டத்தின் ராத்குருவாகன். அங்கே முள்மரத்தடியில் ஒரு குகைவாய். குனிந்து தவழ்ந்துதான் நுழைய வேண்டும். வாசல் கல்லில் அயர்லாந்தின் பழைய ஓகம் எழுத்தில் மேவின் மகன் ஃபிராய்க் என்று வெட்டியிருக்கிறது. சௌவின் இரவில் நாட்டைச் சூறையாடும் பிராணிகள் அதிலிருந்துதான் வெளியே வரும். இடைக்காலக் கதை ஒன்று அதை அயர்லாந்தின் நரக வாசல் என்கிறது. மெட்டலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், மரண தெய்வத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை.

இம்போல்க்கை ராக் ஏறக்குறைய தொடவே இல்லை. ஆடு பால் சுரக்கத் தொடங்கும் காலம், பிரிஜித் புனிதரின் நாள். பயமுறுத்த அதில் ஒன்றும் இல்லை. லூனசாவும் அப்படித்தான். அறுவடைக்கு ராக்கில் ஒரு பாட்டுச் சொல்லுங்கள் என்றால், டிராஃபிக் குழு 1970இல் வெளியிட்ட 'ஜான் பார்லிகார்ன்' ஞாபகம் வரும். அது ஆங்கிலேயப் பாட்டு. ஹல் நகரத்து வாட்டர்சன்ஸ் 1965இல் வருடச் சடங்குப் பாட்டுகளாகத் தொகுத்த 'ஃப்ராஸ்ட் அண்ட் ஃபயர்' இசைத்தட்டிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது.

எட்டு விழாக்கள் கொண்ட 'வருடச் சக்கரம்' என்று இன்று பேகன் ராக் பாட்டுகளில் வருகிறதே, அது 1950களில் இங்கிலாந்தின் புதுப் பேகன்கள், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்திய வழிபாட்டை மீட்க விரும்பியவர்கள், கோத்த மாலை. நான்கு அயர்லாந்து நாட்களோடு சூரிய நாட்கள் நான்கைச் சேர்த்தார்கள். இலைமுகக்காரனான 'பச்சை மனிதன்' என்ற பெயரும் 1939இல் ராக்லன் சீமாட்டி எழுதிய கட்டுரைக்குப் பின் பரவியதுதான். இதனால் பாட்டுகள் பொய்யாகிவிடாது. ஆயிரமாண்டு மரபு என்ற முத்திரையை மட்டும் கழற்றி வைத்துவிட்டுக் கேட்கலாம்.

கடன் ஒரு திசையில் மட்டும் போகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எடின்பரோவின் கால்ட்டன் குன்றில் ஒவ்வொரு ஏப்ரல் 30 இரவும் நடக்கும் பெல்டேன் தீ விழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது. மே ராணி முன்னால் போக, பச்சை மனிதன் பின்னால் வர, இரவு முழுக்க முரசு. பழங்காலத்திலிருந்து விடாமல் வருவது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். தொடங்கியது 1988இல். தொடங்கியவர்களில் முன்னால் நின்றவர் ஆங்கஸ் ஃபர்குவார். இரும்புத் துண்டுகளையும் பழைய எந்திரப் பாகங்களையும் அடித்து வாசித்த டெஸ்ட் டெப்ட் என்ற குழுவின் ஆள்.